ஊசி போட்ட கண்ணில் வெள்ளைப் புள்ளிகள்

கேள்வி:



என் அப்பாவுக்கு வயது 74. கடலூர் முதுநகரில் மீன் ஏலக் கணக்கு எழுதி ஓய்ந்தவர். அம்மா இல்லை. நான் சிதம்பரத்தில் இருந்துகொண்டு வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறேன். போன சித்திரையில், பேப்பர் படிக்கும்போது வலது கண்ணுக்கு வரிகள் வளைந்து தெரிகின்றன என்றார். புரை முற்றியிருக்கும் என்று நினைத்து இரண்டு மாதம் விட்டுவிட்டோம். புதுச்சேரியில் காட்டியபோது மாகுலா தேய்வு, அதிலும் ஈர வகை, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள். இதுவரை நான்கு ஊசி ஆகிவிட்டது. பார்வை பழையபடி ஆகவில்லை என்றாலும் பேப்பரில் தலைப்புகளைப் படித்துவிடுகிறார்.

இந்த முறை ஓ.சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில், "விழித்திரைக்குள் ஹைப்பர் ரிஃப்ளெக்டிவ் ஃபோசை, முன்பைவிடக் குறைவு, நீர் இல்லை" என்று எழுதியிருந்தது. அங்கிருந்த இளம் டாக்டரிடம் கேட்டதற்கு, "அழற்சியின் அடையாளம் கொஞ்சம் இருக்கிறது, கவனித்துக்கொள்ளலாம்" என்றார். கூட்டம் அதிகம், மேலே கேட்க முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். அவன் நெட்டில் தேடிவிட்டு, "இந்த ஊசியாலேயே அழற்சி வந்து பார்வை போயிருக்கிறதாம், உடனே நிறுத்து அக்கா" என்கிறான். எங்கள் தெருவில் ஒருவருக்கு ஊசி போட்ட மூன்றாம் நாள் கண் சிவந்து பார்வையே போய்விட்டது என்று பக்கத்து வீட்டு அத்தையும் பயமுறுத்துகிறார். அப்பாவுக்கோ சாக்குக் கிடைத்த சந்தோஷம்.

ஊசியால்தான் இந்த அழற்சி வந்ததா? நிறுத்திவிடலாமா? சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ஸ்கேன் தவறா? அழற்சி என்றால் மஞ்சள் மாத்திரை கொடுக்கலாமா? அடுத்த ஊசி எட்டு வாரம் கழித்து. அந்தத் தேதி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி வருகிறது. அப்பா வருஷம் தவறாமல் தேரும் தரிசனமும் பார்க்கிறவர். தை பிறந்ததும் போட்டுக்கொண்டால் என்ன?

— ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்:

ஊசியை நிறுத்தாதீர்கள், அம்மா. நீங்கள் எழுதி அனுப்பியிருக்கும் அந்த ஒற்றை வரி நல்ல செய்தி. "முன்பைவிடக் குறைவு", "நீர் இல்லை" என்ற இரண்டையும் தாண்டி அழற்சி என்ற ஒரு சொல் உங்கள் வீட்டைக் கலக்கிவிட்டது. அந்த இளம் டாக்டர் சொன்னதில் தப்பில்லை. பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். தம்பி நெட்டில் படித்ததும் பொய்யில்லை. ஆனால் இருவரும் பேசுவது வெவ்வேறு அழற்சியைப் பற்றி. ஒன்று நோயோடு பிறந்தது, ஊசி போட்டால் அடங்குவது. இன்னொன்று ஊசிக்குப் பிறகு எப்போதாவது வருவது, வந்தால் அன்றைக்கே ஓட வேண்டியது. புள்ளி கண்ணில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறோம். அப்பாவின் ரிப்போர்ட்டில் "விழித்திரைக்குள்" என்று இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓ.சி.டி. என்பது ஒளியை அனுப்பி, அது எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டுப் படமாக வரையும் கருவி. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன் ஆகியோரின் குழு 1991இல் இதை முதன்முதலாக வெளியிட்டது. இவர்கள் மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது கிடைத்தது. நாம் எழுத்துப் படிக்கும் மாகுலாவின் நடுப்பகுதி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள் உள்ள அடுக்குகளைக் கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல் தனித்தனியாகக் காட்டுகிறது இந்தப் படம். நான் படித்த காலத்தில் இந்த அடுக்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் இறந்தவர் கண்ணை நுண்ணோக்கியில் வைக்க வேண்டியிருந்தது.

இந்தப் படத்தில் விழித்திரை அடுக்குகளுக்கு நடுவே அங்கங்கே பளிச்சென்று பொட்டு வைத்ததுபோல் தெரிபவைதான் ரிப்போர்ட் சொல்லும் ஃபோசை. பெரும்பாலும் 30 மைக்ரானுக்கும் குறைந்தவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவை என்ன என்பதில்தான் சிக்கல். இருட்டில் டார்ச் அடிக்கும்போது தூரத்தில் ஏதோ மின்னினால், பூனைக் கண்ணா பாட்டில் துண்டா என்று நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியாது. ஓ.சி.டி.யின் நிலைமையும் அதுதான். ஒளி பலமாகத் திரும்பி வந்தது என்று மட்டுமே அதற்குத் தெரியும்.

மின்னுவது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஒழுகிய ரத்தக் குழாயிலிருந்து கசிந்த கொழுப்பும் புரதமும் உறைந்த துகள் என்பது ஒன்று. இரண்டாவது, மைக்ரோக்ளியா என்னும் காவல் செல். எல்லாருடைய விழித்திரையிலும் இவை உள் அடுக்குகளில் கிளை விரித்துச் சும்மா இருக்கின்றன. எங்காவது சேதம் என்றால் கிளைகளைச் சுருக்கி உருண்டையாகி, சேதமான வெளி அடுக்கை நோக்கி நகர்கின்றன. மூன்றாவது, விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிச் செல்கள் தம் இடத்தைவிட்டு மேலே ஏறி வருவது. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கண்களை அறுத்துப் பார்த்து, உயிரோடிருந்தபோது எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டவர்கள், பல புள்ளிகள் இந்த மூன்றாவது வகைதான் என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே வெள்ளைப் புள்ளி எல்லாமே அழற்சி என்று சொல்வது அவசர முடிவு. சிறியதாக இருந்து, பின்னால் நிழல் விழாமல், நரம்பிழை அடுக்கு அளவுக்கே மின்னினால் காவல் செல்லாக இருக்கலாம் என்று ஒரு கணிப்பு உண்டு. அந்தக் கணிப்பும் சர்க்கரை நோயால் வரும் மாகுலா வீக்கத்தில்தான் அதிகம் ஆராயப்பட்டது.

சரி, வயதால் வரும் தேய்வுக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. விழித்திரைக்கு அடியில் வயதானால் ட்ரூசன் என்ற மஞ்சள் படிவுகள் சேர்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நம் உடலின் தற்காப்புப் புரதங்கள் கிடக்கின்றன. காம்ப்ளிமென்ட் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். கிருமியை அழிக்க வேண்டிய புரதங்கள், கிருமியே இல்லாத இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்குக் கடிவாளம் போடும் ஒரு மரபணுவில் உள்ள சின்ன மாறுபாடு, மாகுலா தேய்வு வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2005இல் ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் அறிவித்தன. வெறும் தேய்மானம் என்று அதுவரை நாங்கள் சொல்லிவந்த நோய் அந்த வருடத்தோடு வேறு நோயாகிவிட்டது.

ஈர வகையில் இன்னொன்றும் சேர்கிறது. மூச்சுத் திணறும் விழித்திரை, வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. அவசரத்தில் முளைத்த குழாய்கள் என்பதால் அவை ஒழுகுகின்றன. அந்தப் புரதமே காவல் செல்களையும் கூப்பிட்டுக்கொண்டு வரும். நீங்கள் போடும் ஊசி தடுப்பது இந்தப் புரதத்தைத்தான். அதனால்தான் பலருக்கு ஊசி தொடங்கியபின் நீர் வற்றுவதோடு வெள்ளைப் புள்ளிகளும் குறைகின்றன. அடுத்த முறை போகும்போது, முதல் ஊசிக்கு முன்னால் எடுத்த ஸ்கேனையும் இப்போதைய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஊசியே போடாத நாளில் எடுத்த படத்தில் புள்ளிகள் இப்போதைவிட அதிகமாக இருப்பதைத் தம்பி வீடியோ காலில் பார்த்துக்கொள்ளட்டும்.

புள்ளிகள் குறையாமல் நின்றுவிட்டால்? அப்படிப்பட்ட கண்களில் பார்வை அவ்வளவாகத் தேறுவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் எந்த விழித்திரை மருத்துவரும் புள்ளியை எண்ணி ஊசி போடுவதில்லை. போடவும் கூடாது என்பது என் கருத்து. விழித்திரைக்குள்ளோ அடியிலோ நீர் இருக்கிறதா, புது ரத்தக்கசிவு உண்டா, அட்டையில் எத்தனை வரி படிக்கிறார் என்ற மூன்றும்தான் இன்றைக்கும் முடிவு செய்கின்றன. ஒரே கண்ணை இரண்டு கருவிகளில் எடுத்தால் புள்ளிக் கணக்கு மாறும். எண்ணுகிற ஆள் மாறினாலும் மாறும். சமீப காலமாக மருந்துக் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஊசி புள்ளிகளை அதிகம் குறைக்கிறது என்று வண்ணப் படங்களோடு வருகிறார்கள். வி.ஈ.ஜி.எஃப்.போடு ஆஞ்ஜியோபாய்ட்டின்-2 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துத் தடுக்கும் ஃபாரிசிமாப் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதிலிருந்து இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. அது நல்ல மருந்துதான். ஆனால் படத்தில் புள்ளி குறைவது வேறு, நோயாளி இன்னும் இரண்டு வரி கூடப் படிப்பது வேறு. இரண்டாவதைக் காட்டும் வரை முதலாவதற்காக நான் பணம் செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

அழற்சி என்றால் ஸ்டீராய்டு போட்டால் போயிற்று என்றும் சிலர் நினைப்பார்கள். ஈர வகை மாகுலா தேய்வில் ஸ்டீராய்டைச் சேர்த்துப் பார்த்தாகிவிட்டது. கண் அழுத்தம் ஏறுவதும் புரை வளர்வதும்தான் மிச்சம். வழக்கமான சிகிச்சையாக அது நிலைக்கவில்லை. மருந்துக் கடையில் சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். அது விழித்திரை வரை போய் இந்த வேலையைச் செய்யாது. அழுத்தத்தை மட்டும் ஏற்றிவிட்டுப் போகும்.

ரத்தத்தில் சி.ஆர்.பி. சரியாக இருப்பதால் ஸ்கேன் தவறாகிவிடாது. மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில் நடக்கும் சண்டை ரத்தம் முழுக்கத் தெரியும் அளவுக்குப் பெரிதில்லை. கண்ணுக்கென்று ரத்தத்தடுப்புச் சுவர் ஒன்று வேறு இருக்கிறது. மாகுலா தேய்வுக்காக அந்தப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டாம்; அந்தக் காசுக்கு அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து வையுங்கள்.

இனி தம்பி பயந்த அழற்சிக்கு வருகிறேன். கண்ணின் உள்ளே, லென்சுக்கும் விழித்திரைக்கும் நடுவில் தெளிந்த கூழ் ஒன்று நிறைந்திருக்கிறது. ஊசி மருந்து போவது அந்தக் கூழுக்குள்தான். அங்கே செல்களுக்கு வேலையில்லை. ஸ்கேனில் கருப்பாக, வெறுமையாக இருக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு அந்தக் கருப்பில், விழித்திரைக்கு முன்னால், பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் மிதந்தால் அது வேறு கதை. உள்ளே அழற்சிச் செல்கள் வந்துவிட்டன என்று பொருள். ரத்தக் குழாய்களின் ஓரம் வெளுத்து உறை போட்டதுபோல் தெரிந்தாலோ, கையில் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்ஜியோகிராம் படத்தில் குழாய்ச் சுவரே ஒழுகினாலோ இன்னும் மோசம். குழாய் அடைத்துக்கொண்டால் அந்த இடத்து விழித்திரை செத்துவிடும்.

தம்பி படித்தது பெரும்பாலும் புரோலூசிசுமாப் என்ற மருந்தைப் பற்றியதாக இருக்கும். 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் பேஜனாக்ஸ் என்ற பெயரில் வந்தது. நீண்ட நாள் தாங்கும், மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்று எல்லாரும் ஆவலாக இருந்தோம். 2020 பிப்ரவரியில் அமெரிக்க விழித்திரை மருத்துவர் சங்கம் எச்சரிக்கை விடுத்தது. பிறகு ஹாக், ஹாரியர் என்ற இரண்டு பெரிய சோதனைகளின் படங்களைத் தனிக்குழு ஒன்று உட்கார்ந்து மறுபடி பார்த்தது. அந்த மருந்து போட்ட 1,088 கண்களில் 50 கண்களில், அதாவது 4.6 சதவீதத்தில், உள் அழற்சி, 3.3 சதவீதத்தில் குழாய் அழற்சி, 2.1 சதவீதத்தில் குழாய் அடைப்பும் சேர்ந்து. பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள் வந்தவை. மருந்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறோம். ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், பெவாசிசுமாப் போன்ற பழைய மருந்துகளில் இந்தத் தொல்லை இதைவிட மிகக் குறைவு.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அப்பாவுக்குப் போடுவது எந்த மருந்து என்பது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. பெரும்பாலோருக்கும் "கண்ணுக்குள் போடும் ஊசி" என்ற அளவில்தான் தெரிகிறது. பெயர், பேட்ச் எண், போட்ட தேதி மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெவாசிசுமாப் என்றால் அது குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. ஒரு பெரிய குப்பியைச் சிறு சிறு சிரிஞ்சுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுகிறார்கள். விலை பல மடங்கு குறைவு. 2011இல் அமெரிக்க அரசின் செலவில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் விலை கூடிய ரானிபிசுமாப்போடு பார்வைக் கணக்கில் சமமாகவே வந்தது. பிரிக்கும் இடத்தில் சுத்தம் தவறினால்தான் கூடுதல் ஆபத்து. 2016 தொடக்கத்தில் குஜராத்தில் சிலருக்குக் கண்ணில் பாதிப்பு வந்தபோது, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி இதைக் கண்ணுக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தார். ஏழை நோயாளிகளுக்கு வேறு வழியில்லை என்று கண் மருத்துவச் சங்கங்கள் வாதாடியபின் அதே ஆண்டில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த வாதத்தை அன்றும் ஏற்றேன், இன்றும் ஏற்கிறேன்.

பக்கத்து வீட்டு அத்தை சொன்ன மனிதருக்கு வந்தது அநேகமாகக் கிருமித் தொற்று. கிருமி உள்ளே போவது இரண்டாயிரம் மூவாயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில் எங்கும் நடக்கிறது. ஊசிக்கு முன்பு கண்ணில் விடும் பழுப்பு நிற அயோடின் சொட்டு அதைத் தடுக்கத்தான். எரிகிறது என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். ஊசி போட்ட அன்று கண் கரகரப்பதும், வெள்ளைவிழியில் குத்திய இடத்தில் ரத்தத் திட்டாகச் சிவப்பதும், ஒரு கருப்புக் குமிழி ஓரிரு நாள் மிதப்பதும் சகஜம். ஆனால் முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாளில் வலி கூடினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், கொசுப் பட்டாளம்போல் கரும்புள்ளிகள் புதிதாகப் பறந்தால், பார்வை மங்கிக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்தால் வந்த அழற்சியில் வலியே இல்லாமலும் இருக்கலாம். வாரங்கள் கழித்தும் வரலாம். மங்கலும் மிதக்கும் புள்ளியும் மட்டுமே அறிகுறியாக இருக்கும்.

அப்படி ஆனால் எங்கே போவது? ஊசி போட்ட இடத்தின் அவசர எண்ணை இன்றைக்கே வாங்கி அப்பாவின் போனில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அத்தையின் போனிலும் பதிந்து வையுங்கள். முதுநகரிலிருந்து புதுச்சேரிப் பக்கம் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அரவிந்த் மருத்துவமனையும் கடலூர் சாலையிலேயே தவளக்குப்பத்தில் இருக்கிறது, 2003இலிருந்து. அப்பா சிதம்பரத்தில் உங்கள் வீட்டில் இருக்கும் நாளாக இருந்தால், அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்றிருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டி, தேவைப்பட்டால் அங்கிருந்து அனுப்பச் சொல்லலாம். கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டிய நிலையில் மணிக்கணக்குத்தான் பேசும், நாள் கணக்கு அல்ல.

வீட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. ஊசி போட்ட கண்ணில் நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடக் கூடாது. நம் பக்கத்தில் இதை இன்னும் செய்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். மஞ்சள் மாத்திரை மாகுலாவைக் காப்பாற்றும் என்பதற்குச் சான்று இல்லை. அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதனோடு சேர்ப்பதும் நல்லதல்ல. குழம்பில் போடுகிற மஞ்சள் போடுகிறபடி இருக்கட்டும். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, மத்தி மீன் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். முதுநகர்க்காரருக்கு மீன் சாப்பிடச் சொல்ல நான் யார். லூட்டின், துத்தநாகம், வைட்டமின் சி, ஈ சேர்ந்த மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது இடது கண்ணைக் கருதித்தான் இருக்கும். நடுத்தர நிலையில் இருக்கும் கண் முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை, லூட்டினுக்குப் பதில் பீட்டா கரோட்டின் கலந்திருந்த இதன் பழைய வடிவம் சுமார் கால் பங்கு குறைக்கும் என்பது அமெரிக்காவில் 2001இல் வெளியான பெரிய சோதனையின் முடிவு. பீட்டா கரோட்டின் கலந்த பழைய மாத்திரையை மட்டும் தவிர்க்க வேண்டும், முக்கியமாகப் புகை பிடித்தவர்கள். அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. அப்பா பீடி பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால், இந்தக் கடிதத்தில் நான் சொன்ன எல்லா மருந்தையும்விட அதை விடுவதுதான் முதல் வேலை.

வரிகள் வளைந்தபோது புரை என்று நினைத்து இரண்டு மாதம் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அறுபதைத் தாண்டியவருக்குக் கண் மங்கினால் புரை என்பது வழக்கம். ஆனால் தில்லியை ஒட்டிய பகுதியிலும் புதுச்சேரி வட்டாரத்திலும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வில், முற்றிய மாகுலா தேய்வு நூற்றில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இருந்தது. வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போனது. இது வெள்ளைக்காரர் நோய் என்று அதுவரை பாடம் நடத்தியவர்கள் இருந்தார்கள். புரையில் பார்வை மங்கும், வெளிச்சம் சிதறும், நேர்க்கோடு வளையாது. வாசற்கால், ஜன்னல் கம்பி, கரண்ட் கம்பம் எதுவாவது வளைந்து தெரிந்தால் அது மாகுலாவின் புகார்.

அதனால் அப்பாவின் இடது கண்ணைக் கண்காணியுங்கள். ஒரு கண்ணில் வந்தவருக்கு மற்ற கண்ணிலும் வரும் வாய்ப்பு அதிகம். ஸ்விட்சர்லாந்து டாக்டர் மார்க் ஆம்ஸ்லர் பெயரில் கட்டம் போட்ட அட்டை ஒன்று உண்டு. மருத்துவமனையில் இலவசமாகவே தருவார்கள். இல்லாவிட்டால் கணக்கு எழுதியவர் வீட்டில் கட்டம் போட்ட பேரேடு இல்லாமலா போகும்? படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு அடி தூரத்தில் பிடித்து, வலது கண்ணைக் கையால் மூடி, நடுவில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றிப் பார்க்கட்டும். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்ப்பதில் பயனில்லை. நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

கடைசியாக ஆருத்ரா. எட்டு வாரம் என்பது அப்பாவின் கண்ணுக்கென்று கணக்குப் பார்த்து நீட்டிய இடைவெளி. முதலில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி, நீர் வற்றியதும் இரண்டிரண்டு வாரமாக நீட்டிக்கொண்டு போவது என்பதுதான் இப்போதைய முறை. மருந்தின் வேலை தீர்ந்ததும் வி.ஈ.ஜி.எஃப். மறுபடி தலை தூக்கும். நீர் சேரும், புள்ளிகளும் கூடும். ஒருமுறை நீர் சேர்ந்து வடு விழுந்துவிட்டால் பிறகு எத்தனை ஊசி போட்டாலும் அந்த வரி திரும்புவதில்லை. 2020 பொதுமுடக்கத்தில் ஊசி தள்ளிப்போனவர்களில் பலருக்குப் பார்வை இறங்கியதை உலகம் முழுக்கக் கண் மருத்துவமனைகள் எழுதி வைத்திருக்கின்றன. தை வரை தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் முன்னால் இழுக்கத் தடையில்லை. இரண்டு ஊசிக்கு நடுவே நான்கு வாரம் இருந்தால் போதும். ஏழாவது வாரத்தில் தேதி கேளுங்கள். தேருக்கு ஒரு வாரம் முன்னதாகவே முடிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரையில் எப்போது புயல் வரும், எந்தப் பாலத்தில் போக்குவரத்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சலையும் நீங்களே பார்த்தவர்கள். மழைக்காலத்தில் வரும் ஊசித் தேதியைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று நாள் முன்னதாக வாங்குவதுதான் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது.

ஊசி போட்டு ஒரு வாரம் குளத்தில் முங்கவோ கடலில் இறங்கவோ வேண்டாம். தலைக்கு ஊற்றும் தண்ணீர் கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஒரு வாரம் நல்லபடியாகக் கழிந்தபின் தேருக்கு அழைத்துப் போங்கள். கூட்டத்தில் யாராவது விபூதி பூசிவிடும்போது கண்ணில் கொட்டாமல் ஒரு கண்ணாடி போட்டுவிடுங்கள், பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடி போதும்.